கட்டைப்பைக்கு எரிஞ்ச செவப்பு லைட்டு

தள்ளி ஒக்காரு அம்மிணி, சித்த எடங்குடு. இந்த முழங்காலு இருக்குதே, ஏறச் சொன்னா ஏறாது, எறங்கச் சொன்னா எறங்காது. இது ஒண்டிப்புதூர் தாண்டித்தானே போவுது? சரி சரி. நான் மில்லு ஸ்டாப்புல எறங்கோணும். நீயும் அங்கதானா? அட. கழுத்துல அட்டை தொங்கறதப் பாத்துத்தான் உம்பக்கத்துல வந்து ஒக்காந்தேன். ஆபீஸ்லயா வேலை? நல்லா இரு.

போன் பாக்கறதுன்னா பாரு, நான் பாட்டுக்குப் பேசீட்டு வர்றேன். ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்ல. மருமவ காதுல எந்நேரமும் ஒயரு.

மடியில இந்தக் கவரு இருக்குது பாரு, இத ரெண்டு மணிக்குள்ள உங்க மில்லு ஆஸ்டல்ல குடுத்தாகோணும். இல்லைன்னா ஒரு புள்ளைய நாலு மணி ரயிலுல ஏத்தி ஊருக்கு அனுப்பீருவாங்க. ஒடிசாக்காரப் புள்ள. எங்க கடையில திருடீட்டான்னு அனுப்பறாங்க. அவ திருடல. அதத்தான் இதுக்குள்ள எழுதியிருக்குது, கடை சீலு போட்டு. இன்னிக்கு எனக்கு வார லீவு அம்மிணி. காலு நீட்டிப் படுக்கற நாளு. மானேஜரு போன் போட்டு, அங்காத்தாக்கா நீங்கதான் போகோணும்ங்கறாரு. நான் கேட்டேன், தப்புப் பண்ணுனது மெஷினு, அத அனுப்ப வேண்டியதுதானேன்னு. சிரிக்கல அவரு.

என்ன மெஷினா? உனக்குத் தெரியுமே, நாமளே பில்லு போட்டுக்கறது. சிங்காநல்லூருல பெரிய கடை, ரெண்டு மாடி. அங்க பத்து வருசமா இருக்கறேன். மொதல்ல கூட்டித் தொடச்சேன். அப்பறம் வாசல்ல நிக்க வெச்சாங்க, பில்ல வாங்கிப் பாத்து ஓட்டை போட்டு வுடறது. அந்த வேலை எனக்கு நெம்பப் புடிச்சுது. வர்ற போற சனம் பூராத்துக்கும் என்னைத் தெரியும். யாரூட்டுல கல்யாணம், யாரூட்டுல கொழந்தை, எல்லாம் பில்லப் பாத்தே சொல்லீருவேன். ஒருக்கா ஒரு அம்மா ரெண்டு கிலோ வெல்லமும் ஏலக்காயும் வாங்கீட்டுப் போறாங்க, மவளுக்கு மாப்ள அமைஞ்சுதுங்களான்னு கேட்டேன். ஆடிப் போய்ட்டாங்க. இன்னும் பத்திரிக்கையே அடிக்கலைங்கறாங்க. அப்பறம் அந்தக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்துது, மண்டபத்துல அவங்க சம்பந்தி கூட... சரி, அது வேற கதை.

போன வருசம் ஆடி முடிஞ்சு எட்டு மெஷினு கொண்டாந்து வெச்சாங்க. பொருளக் காட்டோணும், கீழ எடைத்தட்டுல வெக்கோணும். ஒரு பொம்பளைக் குரலு பேசும். பையில் எதிர்பாராத பொருள் உள்ளது, உதவியாளரை அழைக்கவும். டிவி நியூஸ் வாசிக்கறவ கணக்கா. உதவியாளருன்னா யாரு? நாந்தான். என் கழுத்துலயும் ஒரு அட்டை மாட்டி வுட்டாங்க, உன்னுதாட்டவே. மேல கம்பத்துல செவப்பு லைட்டு எரிஞ்சா நான் போகோணும். பாக்கோணும். அட்டையத் தட்டுனா பச்சையாயிரும், வாசக் கதவு தொறந்துக்கும். நான் தட்டலைன்னா கதவு தொறக்காது. மந்திரி வந்தாலும் நின்னுதான் ஆகோணும்.

மானேஜரு பேரு சிபி. சின்னப் பையன், எம்பேரனாட்ட. நல்ல புள்ள, ஆனா பயந்த புள்ள. மேல இருந்து போன் வந்தா எந்திரிச்சு நின்னுட்டுத்தான் பேசுவாப்ல. அக்கா, கடையில சாமான் நெம்பக் காணாமப் போவுது, அதுக்குத்தான் இந்தக் கேமரா, இந்த லைட்டு, இந்தக் கதவு எல்லாம், நீங்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்தீட்டுப் பாக்கோணும்னாரு. எனக்குக் கேமராவே வேண்டாம் தம்பி, மூஞ்சியப் பாத்தாச் சொல்லீருவேன்னேன்.

நெசமாத்தான். நானும் ஒரு காலத்துல மில்லுக்காரி. தாராபுரத்துப் பக்கம் ஊரு, பதினேழு வயசுல பீளமேட்டுல வந்து சேந்தேன். ஷிப்டு முடிஞ்சு வெளிய வாறப்ப கேட்டுல ஒரு பொம்பளை நிப்பா, பொன்னுத்தாயின்னு. சோத்துத் தூக்குப்போசியத் தொறந்து பாப்பா, கொண்டையத் தடவிப் பாப்பா, நூலு ஒளிச்சு எடுத்துட்டுப் போறமாம். ஒரு நாளு என் கொண்டைய அவுத்து உதறுனா. ஆம்பளைக அத்தன பேரும் நிக்கறாங்க. ஒண்ணுமில்ல உள்ள, ரெண்டு கொண்டையூசி. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. அவ செத்ததுக்குக்கூட நான் போகல. அதனால நான் யாரையும் தொடறதில்ல அம்மிணி. பையத் தொறங்கன்னு சொல்லுவேன், அவங்களேதான் தொறந்து காட்டோணும். மரியாதையாத்தான் நடந்துக்குவேன்.

இந்த மெஷினுல ஒரு கெரகம் என்னன்னா, கறிவேப்பலையக்கூட எடைபோட்டு விக்கறான். காய் வாங்குனா ஒரு கொத்து கறிவேப்பலை, ரெண்டு தழை மல்லி, கொசுறு போடறது வழக்கமா இல்லையா? மெஷினுக்குக் கொசுறு தெரியுமா? பையில போட்டா உடனே கத்தும், எதிர்பாராத பொருளுன்னு. காய் வாங்கற பொம்பளைக்குக் கறிவேப்பலை எதிர்பாராத பொருளா? நானே போய் ஒரு கொத்து எடுத்துப் பையில போட்டு, அட்டையத் தட்டி வுட்டுருவேன். எல்லாரும் அங்காத்தாக்கா இருக்கறாங்களான்னு பாத்துட்டுத்தான் மெஷினுக்கே வருவாங்க.

எல்லாருக்கும் போட முடியுமா? தெரிஞ்சவங்களுக்குத்தான். டாக்டரு சம்சாரம் வத்சலாம்மா மாதர. நெத்தி நெறயக் குங்குமம், வந்தா என் முழங்காலப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்காமப் போக மாட்டாங்க. அவங்க மெஷினு கத்துனா நான் பையில எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அப்படிப் பாத்தா மனுசியா நான்?

மத்தவங்கன்னா பாப்பேன். இந்த வடக்க இருந்து வாற சனம், மில்லு, பவுண்டரி, கட்டட வேலைன்னு. ஞாயித்துக்கெழமையான்னா ஜவுளிக்கடைக் கட்டைப்பையத் தூக்கீட்டு வந்துருவாங்க. அந்தப் பை எம்மாம் பெருசு. உள்ள ஆட்டுக்குட்டியே வெச்சாலும் தெரியாது. லைட்டு எரியுதோ இல்லையோ, அந்தப் பை எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டுத்தான் வுடுவேன். கெடச்சுதான்னு கேக்கறயா? ஒண்ணும் கெடைக்கல. நான் பாக்கறேன்னு தெரிஞ்சுதான் ஒருத்தனும் எடுக்கல. அதுதான் காவலு.

தைப்பொங்கலுக்கு முன்னால அந்த மெஷினு கம்பெனி இன்ஜினீயரு வந்துச்சு. தாரணின்னு ஒரு புள்ள, உன் வயசுதான், தலைமுடிய வெட்டிக் குட்டையா வுட்டிருந்துது. ரெண்டு நாளு கடையில ஒக்காந்து டிவியில எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துது. டீ குடிக்கறப்ப எங்கிட்டச் சொல்லுச்சு. அக்கா, மேல இருக்கற கேமரா சும்மா படம் புடிக்கறதுன்னு நெனக்காதீங்க, யாரச் சந்தேகப்படறதுன்னு அது கத்துக்குது, சொல்லித் தர்ற டீச்சரு நீங்கதான். நீங்க பாக்காம அட்டையத் தட்டுனீங்கன்னா இவங்க நல்லவங்கன்னு வெச்சுக்கும், நீங்க பையத் தொறந்தீங்கன்னா இவங்களப் பாக்கோணும்னு வெச்சுக்கும். அதனால பாத்துப் பண்ணுங்கன்னுது.

நான் ரெண்டாங்கிளாசு அம்மிணி. என்னைப் போயி டீச்சருன்னு சொல்லுச்சே. அன்னிக்குச் சாயங்காலம் மருமவகிட்டக்கூடச் சொன்னேன். ஒயர எடுத்துட்டு, என்னங்கத்தேன்னா. மறுபடி சொன்னேன். ம்னு சொல்லீட்டு ஒயர மாட்டிக்கிட்டா.

ஆனா பாரு, அந்தப் புள்ள சொன்னது நெசம். மாசி பொறந்ததும் கட்டைப்பையோட ஒருத்தன் மெஷினுக்குப் பக்கத்துல வந்தாலே போச்சு, இன்னும் ஒரு சாமானக் கூடக் காட்டிருக்க மாட்டான், செவப்பு எரியும். எனக்கே ஆச்சரியம். சிபித் தம்பியக் கூப்புட்டுக் காட்டுனேன். பாத்தீங்களா தம்பி, நான் என்னத்தச் சொன்னனோ அதையேதான் மெஷினும் சொல்லுது, மெஷினுக்கு என்ன ஓரவஞ்சனையான்னேன். அவரும் ஆமாங்கக்கான்னாரு.

பாதாம்பருப்பு விசயம் அதுக்கப்பறம் வந்துது. கணக்குல அடிக்கடி பாதாம் பொட்டலம் கொறையுதுன்னு படத்த ஓட்டிப் பாத்தா, வத்சலாம்மா. கீரைக்கட்டுக்கு அடியில. ஒரு தடவையில்ல, மூணு தடவை. மூணு தடவையும் செவப்பு எரிஞ்சிருக்குது, நான் தட்டி வுட்டுருக்கறேன். சிபி எங்கிட்டக் காட்டுனாரு. மறந்திருப்பாங்க தம்பின்னேன். வயசாவுதில்ல? எனக்கே அடுப்புல பால வெச்சுட்டு மறந்து போவுது. அவரும் அத அப்படியே வுட்டுட்டாரு. டாக்டரு ஊட்டுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்றது?

இரு இரு, எந்த ஸ்டாப்பு இது? இன்னும் ஒண்டிப்புதூரே வரலையா. சரி.

போன ஞாயித்துக்கெழமை. கூட்டம்னா கூட்டம். உங்க மில்லுப் புள்ளைக பஸ்ஸோட வந்து எறங்குவாங்களே, அந்த நேரம். அஞ்சாம் நம்பர் மெஷினுல ஒரு புள்ள நிக்குது, கட்டைப்பையோட. பச்சைச் சுடிதாரு, ஒல்லியா. சோப்பு, தேங்காண்ணெ, பிஸ்கோத்து. எல்லாம் காட்டி, போனுல காசு போட்டுட்டா. செவப்பு எரியுது. நான் போனேன். பையத் தொறக்கச் சொன்னேன். தொறந்தா உள்ள நெய் டப்பா. அரைக் கிலோ. பில்ல வாங்கிப் பாக்கறேன், நெய் இல்ல.

மில்லு ஆஸ்டல்ல இருக்கற புள்ளைக்கு நெய் எதுக்குன்னு எனக்கு உடனே பட்டுது. நீயே சொல்லு, உனக்குப் படாதா?

அவ என்னமோ சொல்றா. அவங்க பாஷையில படபடன்னு. ஸ்பீக்கருல பாட்டு வேற, பக்கத்து மெஷினுல நியூஸ் வாசிக்கறவ வேற. நான் எங்கத்தக் கேக்கறது? போன எடுத்துத் திருப்பறா. ஆகா, கூட்டத்தக் கூப்புடறா, இப்ப இருவது பேரு வந்து நிப்பாங்கன்னு கையப் புடிச்சேன். மறுபடியும் கை போனுக்குப் போவுது. மறுபடியும் புடிச்சேன். அதுக்குள்ள செக்யூரிட்டி வந்து போனப் புடுங்கி மானேஜரு மேசை மேல வெச்சுட்டான்.

தொட மாட்டேன்னு இப்பத்தான் சொன்னேன், தெரியும். அது வேற, இது வேற. தொடறதுன்னா தடவிப் பாக்கறது. இது சும்மா கையப் புடிச்சது.

அப்பறம் வழக்கமா நடக்கறதுதான். நெய் டப்பாவக் கையில குடுத்து நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. சுத்துவட்டாரத்துக் கடைக்காரங்க எல்லாம் ஒரு வாட்சப்பு குரூப்பு வெச்சிருக்காங்க, அதுல போட்டாச்சு. புகாருல கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும்னாங்க. பாத்தது நீங்கதானக்கான்னாரு சிபி. போட்டேன். ஆஸ்டலு வார்டன் வந்து கூட்டீட்டுப் போனாங்க. அந்தம்மா உனக்குத் தெரியுமா? கட்டையா, கண்ணாடி போட்டுட்டு? அவங்கதான். அந்தப் புள்ள கடைசியில பேசறத நிறுத்தீட்டா. சும்மா என்னையே பாத்துட்டு நின்னா. நான் அக்கட்டால திரும்பிக்கிட்டேன், ஆறாம் நம்பருல செவப்பு எரிஞ்சுது.

முந்தாநேத்து தாரணி மறுபடி வந்துது. செவப்பு நெம்ப எரியுது, வடக்கத்தி ஆளுக கடைக்கே வாறதில்லைன்னு மேல இருந்து சொன்னாங்களாம். படத்த ஓட்டிப் பாத்துட்டிருக்குது, அந்தப் பக்கமா, காசு கவுண்டருல பில்லு போடற சகாயமேரி சாப்புடப் போனவ நின்னா. இந்தப் புள்ள எங்கிட்டத்தானே நெய் வாங்குச்சுன்னா. எப்படின்னு கேட்டா, ஆஸ்டல்ல ஒரு புள்ளைக்குப் பொறந்தநாளாம், இனிப்புச் செய்யறதுக்கு அஞ்சு பேரு சேந்து போட்ட காசு, பத்து ரூவா நோட்டும் சில்லறையுமா இருந்துதாம். மெஷினு சில்லறை வாங்காதில்ல? அதனால நெய்ய மட்டும் சகாயமேரிகிட்டக் காசு குடுத்து வாங்கீட்டு, அவளோட சாமானுக்கு மெஷினுக்கு வந்துருக்கறா. பத்து நிமிசம் முன்னால.

ரெண்டு பில்லு அம்மிணி. நாங்க ஒண்ணத்தான் பாத்தோம்.

இன்னொரு பில்லு எங்க இருந்துதுன்னு தெரியுமா? போனு உறைக்குப் பின்னால, மடிச்சு. அத எடுக்கத்தான் கை போயிருக்குது. ரெண்டு தடவையும். தாரணி அத நிறுத்தி நிறுத்திக் காட்டுச்சு. என் கை, அவ கை. என் கை, அவ கை. எம்மாம் பெரிய டிவி. எனக்குக் கண்ணு கட்டீட்டு வந்துது, காலையில இருந்து டீத்தண்ணி கூடக் குடிக்கல, அதனாலதான். அந்தப் போனு ஒரு மணி நேரம் மானேஜரு மேசை மேல இருந்துதே, பில்லோட. போனக் குடுத்ததும் எடுத்து வார்டன்கிட்டக் காட்டியிருக்கறா. கடை வாசல்ல அந்த மாதரப் பில்லு நூறு கெடக்கும், பொறுக்கீட்டு வந்துட்டயான்னு கேட்டாங்களாம்.

சிபித் தம்பி மூஞ்சி வெளுத்துப் போச்சு. எந்திரிச்சு நின்னுட்டுப் போன் பேசுனாரு. மெஷின் கோளாறுன்னு எழுதிருங்கன்னு மேல சொல்லீட்டாங்க. தாரணிக்குக் கோவம். மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல சார், அக்கா பண்ணுனத அது பண்ணுச்சு, அவ்வளவுதான்னு சொல்லுது. எனக்கு எப்படி இருக்கும்? லைட்டு எரிஞ்சுது, நான் போனேன். எரியலைன்னா போயிருப்பனா? எல்லாத்துக்கும் மெஷினு மெஷினுன்னாங்க, இப்பத் தப்புன்னு வந்ததும் அங்காத்தாளாம். அந்தப் புள்ள எனக்குத் தங்கமா டீச்சருன்னு பேரு வெச்சுதே, அதுக்கு அர்த்தம் இதுதானான்னு அப்பறம்தான்... சரி, வுடு.

வார்டனுக்குப் போன் போட்டா, லெட்டரு மட்டும் பத்தாதுங்கறாங்க. அந்தப் புள்ள ஊருக்குப் போறேன்னு மூட்டை கட்டீட்டாளாம். ஆளு கூட்டியாந்த காண்ட்ராக்டரும் டிக்கெட்டு போட்டுட்டானாம். திருட்டுப் புள்ளைய வெச்சுக்க மாட்டானாம். அவ என்னடான்னா, எல்லாருக்கும் முன்னால என்னைப் புடிச்ச அம்மா, எல்லாருக்கும் முன்னால வந்து சொல்லோணும், அப்பத்தான் இருப்பேன்னு சொல்லீட்டாளாம். புகாருல கையெழுத்துப் போட்ட நாந்தான் நேருல போயி இன்னொரு கையெழுத்துப் போடோணுமாம். ஆஸ்டல் புள்ளைக அத்தன பேரும் சாப்புட ஒக்காந்திருக்கற நேரமாப் பாத்து.

எனக்கு அறுபத்திமூணு வயசு அம்மிணி. ராத்திரி தூக்கமில்ல. நாளைக்கு மறுபடி அந்த எட்டு மெஷினுக்கு நடுவுல நிக்கோணும்.

அதுதான் ஒண்ணு கேக்கலாம்னு. நீ அங்கதானே போற. இந்தக் கவர வார்டன்கிட்டக் குடுத்துடறயா? அந்தம்மா கடையில இருந்து வந்தாங்க, காலு முடியல, பஸ்ஸுலயே திரும்பீட்டாங்கன்னு சொல்லு. பொய்யில்லையே, காலு முடியத்தான் இல்ல. நீ ஆபீஸுப் புள்ள, உன் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

ம். மாட்டயா.

நான் உம்மேல கோவிச்சுக்கல. நானா இருந்தாலும் மாட்டேந்தான்.

அப்ப ஒண்ணு பண்ணு. கவரு மேல பேரு எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு. எனக்குப் பில்லுல அச்சடிச்ச எழுத்துத்தான் பழக்கம், இந்தக் கையெழுத்தக் கூட்டிப் படிக்க வராது. சஞ்சு... சஞ்சுலதா. சஞ்சுலதா. சரியாச் சொல்றனா? நல்ல பேராத்தான் இருக்குது.

போய் நின்னு என்னன்னு சொல்லட்டும்? மெஷினு தப்புப் பண்ணீருச்சுன்னு ஆரம்பிச்சர்றேன், லெட்டருலயும் அதுதானே இருக்குது. என்ன அப்படிப் பாக்கற? அவளும் இப்படித்தான் பாத்தா. சரி, மெஷினு வேண்டாம். நாந்தான் கையப் புடிச்சேன், பில்ல எடுக்க வுடாம. அப்படிச் சொன்னாப் போதுமா? அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் புரியாதே, அதான் ரோசனை. அவங்க பாஷையில இத எப்படிச் சொல்றதுன்னு உனக்குத் தெரியுமா? ஆபீஸுல கூட வேலை செய்யறவங்க பேசிக் கேட்டுருப்பயில்ல. ரெண்டு வார்த்தை சொல்லிக்குடு, எறங்கறதுக்குள்ள மனப்பாடம் பண்ணிக்கறேன்.

என்னது?

நீ யாரச் சொல்ற? இந்தப் புள்ளையா, சஞ்சுலதாவா?

மூணு வருசமா இங்கதான் இருக்கறாளா. தமிழு நம்மளாட்டவே பேசுவாளா. வார்டன் இல்லாதப்ப மத்த புள்ளைகளுக்காக ஆபீஸுல அவதான் தமிழ்ல எடுத்துச் சொல்றதா.

அப்ப அன்னிக்கு எங்கிட்டப் படபடன்னு சொன்னது தமிழ்லயா...

இல்ல, ஒண்ணுமில்ல. வெயிலு மூஞ்சியில அடிக்குது, அந்த சன்னல எறக்கி வுடு. அதுதான் மில்லு காம்பவுண்டா? வந்துருச்சா? கண்டக்டரய்யா, சித்த நிறுத்தச் சொல்லுங்க, மெதுவாத்தான் எறங்குவேன். நீ முன்னால போ அம்மிணி. நான் அந்தக் கம்பியப் புடிச்சுக்கறேன்.